கேள்வி–பதில்: படத்துக்குக் கீழே ஒரு பெயர்

மூன்று வாரங்களுக்கு முன்பு விருதுநகர் வாசகர் ஒருவர், "இந்தியாவின் கதையைப் பத்திரிகைப் படங்களை வைத்தே சொல்ல வேண்டுமென்றால் எதில் தொடங்குவீர்கள்?" என்று கேட்டிருந்தார். "1943, கல்கத்தா, ஸ்டேட்ஸ்மன்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. அதனால் இந்த வாரம் சினிமா, கிரிக்கெட் கேள்விகள் எல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும். முழுக்கப் பத்திரிகைப் படங்கள்தான்.

கே: நாடு சுதந்திரம் அடைந்தது 1947-இல். நீங்கள் 1943-இல் தொடங்குகிறீர்களே, அப்படி என்ன படம் அது? (அதே விருதுநகர் வாசகர்)

ப: ஒரு வரியில் சொன்னது என் தப்புதான், விரிவாகவே சொல்கிறேன். அந்த வருஷம் வங்காளத்தில் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. கிராமத்து ஏழைகள் கல்கத்தாவுக்கு நடந்து வந்து, நடைபாதையில் படுத்து, படுத்த இடத்திலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். போர்க்காலம், தணிக்கை வேறு. 'பஞ்சம்' என்ற சொல்லையே அச்சில் போட முடியாத கெடுபிடி. ஸ்டேட்ஸ்மன் ஆங்கிலேயர்கள் நடத்திய பத்திரிகை, ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸும் ஆங்கிலேயர். எழுத்துக்கு இருந்த கெடுபிடி படத்துக்கு இல்லை என்பதை அவர் பிடித்துக்கொண்டார். 1943 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை, கல்கத்தாத் தெருக்களில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களின் படங்கள் அந்தப் பத்திரிகையில் வந்தன. அடுத்த ஞாயிறும் வந்தன. அதுவரை 'நிலைமை சமாளிக்கக்கூடியதுதான்' என்று சொல்லிக்கொண்டிருந்த டெல்லியும் லண்டனும் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அக்டோபரில் புதிய வைஸ்ராயாக வந்த வேவல் நேரே கல்கத்தாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நிவாரணத்துக்கு ராணுவத்தை இறக்கினார். அதற்குள் போன உயிர் போனதுதான். அரசு அமைத்த விசாரணைக் குழு 15 லட்சம் என்றது, பிற்கால ஆய்வுகள் 30 லட்சம் வரை சொல்கின்றன.

இதை ஏன் முதலில் வைத்தேன் என்றால், இதற்கு 66 வருஷம் முன்னாலேயே நம் பக்கத்துப் பஞ்சத்தைப் படம் எடுத்துவிட்டார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1876 முதல் 78 வரை, அதுதான். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பட்டினியில் வற்றிப்போன குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்களைப் பார்த்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. ஆனால் அந்தப் படங்கள் அடுத்த நாள் காலையில் எந்த வீட்டுத் திண்ணைக்கும் போகவில்லை. போகவும் முடியாது, அப்போது பத்திரிகைத் தாளில் புகைப்படத்தை அப்படியே அச்சிடும் வழியே இல்லை. பழைய பத்திரிகைப் படம் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், முகம் காணாமல் போய் வெறும் புள்ளிகள் தெரியும். மை கறுப்பு ஒன்றுதான், சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. பெரிய புள்ளி நெருங்கி நின்றால் இருட்டு, சின்னப் புள்ளி விலகி நின்றால் வெளிச்சம். ஹாஃப்டோன் என்ற இந்தப் புள்ளி வித்தை வந்த பிறகுதான் படம் நாளிதழுக்குள் நுழைந்தது. தாது வருஷத்துப் படங்கள் ஆல்பத்தில் ஒட்டப்பட்டன, 1943-இன் படங்கள் முதலாளி வீட்டு மேசையில் காலைக் காபியோடு போய் உட்கார்ந்தன. எனக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

அப்புறம் சுனில் ஜானாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். கல்கத்தா மாணவராக இருந்தவர், கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் பி.சி. ஜோஷி அழைத்துப் போய் வங்காள மாவட்டங்களைச் சுற்றிக்காட்ட, ஜானா எடுத்த படங்கள் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' இதழில் வந்தன. அதே காலத்தில் ஓவியர் சித்தப்ரசாத் பஞ்சத்தை வரைந்து வெளியிட்ட சிறு நூலின் பிரதிகளை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது.

கே: காந்தி ராட்டையோடு உட்கார்ந்திருக்கும் படம் எங்கள் தாத்தா வீட்டு நடுக்கூடத்தில் இருந்தது. அது பத்திரிகைக்காக எடுத்த படமா? (கும்பகோணம் வாசகி)

ப: ஆமாம், அமெரிக்காவின் 'லைஃப்' இதழுக்காக மார்கரெட் போர்க்-ஒயிட் 1946-இல் புனேயில் எடுத்தது. ராட்டையைப் படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று காந்தியின் உதவியாளர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட, அந்த அம்மா உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார். அன்றைக்குக் காந்திக்கு மௌன நாள். அறையில் வெளிச்சம் குறைவு, ஃபிளாஷ் பல்ப் மூன்றுக்குத்தான் அனுமதி. முதல் இரண்டும் வீணாகி, மூன்றாவதில் கிடைத்தது நம் வீட்டுக் கூடங்களில் தொங்கும் படம்.

அடுத்த முறை அதை உற்றுப் பாருங்கள். காந்தி நூற்கவில்லை. ராட்டை முன்னால் நிற்கிறது, அவர் பின்னால் உட்கார்ந்து கையில் வைத்திருப்பது பத்திரிகை நறுக்குகள், அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். எத்தனையோ வருஷம் நான் இதைக் கவனிக்கவே இல்லை, கவனித்த பிறகு அந்தப் படம் எனக்கு இரண்டு மடங்கு பிடித்துப்போனது. 1903-இல் தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழுக்கும் பக்கம் ஒதுக்கியவர் அவர். கடைசிவரை பத்திரிகைக்காரராகவே இருந்த மனிதர். எடுத்த வருஷம் இந்தப் படம் பெரிதாக வரவில்லை. அவர் கொல்லப்பட்ட பிறகு, அஞ்சலிப் பக்கங்களில்தான் பெரிதாக வந்தது.

கே: பிரிவினையின்போது நூலகத்துப் புத்தகங்களையே இரண்டாகப் பிரித்துக் குவித்து, நடுவில் ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் படம் ஆகஸ்ட் 15 வந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா? (சேலம் வாசகர்)

ப: படம் உண்மை, காட்சி அமைக்கப்பட்டது. டேவிட் டக்ளஸ் டங்கன் எடுத்து 'லைஃப்' 1947 ஆகஸ்ட் 18 இதழில் வந்தது. 'இந்தியா', 'பாகிஸ்தான்' என்று அட்டை வைத்த இரண்டு குவியல்கள், நடுவில் நூலகர். பின்னால் ஆய்வாளர்கள் தேடிப்போனபோது டெல்லியின் அந்த நூலகம் அப்படிப் பிரிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது.

அரசாங்கத்தின் மேசை நாற்காலியிலிருந்து ரயில் பெட்டிவரைக்கும் கணக்குப் போட்டுப் பிரித்த காலம் அது. அதனால் படம் சொல்லவந்த விஷயம் பொய் இல்லை என்று ஒரு நண்பர் வாதாடினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. லட்சக்கணக்கானவர்கள் நிஜமாகவே வண்டி கட்டிக்கொண்டு நடந்த வருஷத்தில், நடிப்புக்கு எதற்கு இடம்? அந்தப் படத்தை அனுப்புகிறவர்கள் 'இது படத்துக்காக அமைத்த காட்சி' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பலாமே.

கே: பெயர் சொல்லும் இந்தியப் புகைப்படக்காரர்கள் எல்லோரும் ஆண்கள்தானா? என் மகள் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள், அவளுக்குச் சொல்ல ஒரு பெயர் கொடுங்கள். (கோயம்புத்தூர் வாசகி)

ப: ஹோமாய் வியாரவாலா. உங்கள் மகள் இந்தப் பெயரை எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைக்கட்டும்.

1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாயில் தொடங்கிய காலத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. புதிய ஆள், அதிலும் பெண் என்றால் யார் நம்புவார்கள் என்ற காலம். 1942-இல் டெல்லிக்கு வந்து பிரிட்டிஷ் தகவல் துறையில் சேர்ந்தார். புடவை கட்டிக்கொண்டு, கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு, சைக்கிளில் டெல்லியைச் சுற்றினார். 1947 ஜூனில் பிரிவினைத் திட்டத்துக்குக் காங்கிரஸ் தலைவர்கள் கை தூக்கி ஒப்புதல் கொடுத்த கூட்டம், செங்கோட்டைக் கொடியேற்றம், மவுண்ட்பேட்டன் விடைபெற்றது, நேரு புறாவைப் பறக்கவிட்டது, எல்லாவற்றிலும் அவர் கண் இருக்கிறது. 'டால்டா 13' என்று ஒரு புனைபெயர் உண்டு. கார் நம்பர் டி.எல்.டி. 13, பிறந்தது '13-இல், கணவரைச் சந்தித்தது 13 வயதில்.

ஆனால் அவர் எடுக்காத படம்தான் அவரை வாழ்நாள் முழுக்க வருத்தியது. 1948 ஜனவரி 30 மாலை பிர்லா மாளிகையில் காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். நாளைக்கு இருவரும் சேர்ந்து போகலாம் என்று கணவர் திரும்ப அழைத்துக்கொண்டார். அந்த நாளை வரவே இல்லை. அன்று இரவு பிர்லா மாளிகை வாசலில் ஏறி நின்று நேரு மக்களிடம் பேசும் அந்தக் கலங்கிய படத்தை பிரான்ஸ்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் எடுத்தார். இறுதி ஊர்வலத்தை ஹோமாயும் எடுத்தார்.

1970-இல் கேமராவைக் கீழே வைத்தவர் திரும்ப எடுக்கவே இல்லை. பிறகு வடோதராவில் தனியாக வாழ்ந்தார். 2011-இல் பத்மவிபூஷண் தேடிவந்தது, அடுத்த ஜனவரியில் 98 வயதில் போய்ச் சேர்ந்தார்.

கே: தமிழ்நாட்டில் ஒரு புகைப்படம் ஓட்டு வாங்கிக் கொடுத்ததுண்டா? (திண்டுக்கல் வாசகர்)

ப: உண்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் குண்டுபட்டு எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் கிடந்தார். கழுத்துக் கட்டோடு கைகூப்பியபடி இருந்த படம் சுவரொட்டியாகச் சுவருக்குச் சுவர் ஏறியது. பரங்கிமலைத் தொகுதியில் பிரச்சாரத்துக்கே போகாமல் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. தேர்தலை அந்தப் படம் மட்டுமே தீர்மானித்தது என்று நான் சொல்லமாட்டேன், அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் இருந்தன.

கே: எமர்ஜென்சியில் படமே போட முடியாத நிலை. அப்போது வரலாறு எப்படிப் பதிவானது? (மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: சார், நீங்களும் அந்தக் காலத்தில் பேப்பரை வரி வரியாகப் படித்திருப்பீர்கள், எனக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருப்பவர். இருந்தாலும் இளையவர்களுக்காக.

இந்திரா காந்தி அரசு எமர்ஜென்சியைக் கொண்டுவந்த 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பல பத்திரிகைகளின் அச்சகங்கள் இருந்த பகதூர் ஷா ஜாபர் சாலையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். வேறு பகுதியில், வேறு மின்தடத்தில் இருந்த ஸ்டேட்ஸ்மனும் இந்துஸ்தான் டைம்ஸும் மட்டும் தப்பித்து மறுநாள் வெளிவந்தன. ஒரு நாட்டின் குரல்வளையைப் பிடிக்க ஒரு சுவிட்ச் போதுமாக இருந்திருக்கிறது. ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. வரலாற்றுப் படங்களின் வரிசையில் அந்த வெள்ளைக் கட்டத்தையும் நான் வைப்பேன். மேலே பத்திரிகையின் பெயர், சுற்றிலும் பொடி எழுத்து, நடுவில் ஒன்றுமில்லாத ஒரு இடம். அதைப் பார்த்த வாசகனுக்கு எல்லாம் புரிந்தது.

நம் ஊரில் நடந்தது எனக்கு இன்னும் நெருக்கமானது. 1976 ஜனவரி 31-இல் கருணாநிதி ஆட்சியைக் கலைத்தார்கள், கட்சிக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து உள்ளே போட்டார்கள். யார் யார் கைதானார்கள் என்று போடத் தணிக்கை விடாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று சொல்லி 'முரசொலி' ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. மாவட்ட வாரியாகப் பெயர்கள். தணிக்கை அதிகாரிக்கு அது அஞ்சலி, வீட்டில் காத்திருந்த மனைவிக்கும் அம்மாவுக்கும் அதுதான் செய்தி. படம் இல்லை, கட்டுரை இல்லை, வெறும் பெயர்கள். எத்தனை பேர் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தேடியிருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

எமர்ஜென்சியின் படம் என்று இன்று எல்லோருக்கும் நினைவு வருவது, சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் விலங்கு பூட்டிய கையை உயர்த்தி நிற்பதுதான். 1977 தேர்தலில் அவர் சிறையிலேயே இருந்தார், முசாஃபர்பூர் தொகுதியில் அந்தப் படம்தான் ஊர் ஊராகப் போனது. பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கே: படம் பெரிதா, எழுத்து பெரிதா? ஒரே வார்த்தையில் சொல்லவும். (திருநெல்வேலி, கல்லூரி மாணவர்)

ப: தம்பி, ஒரே வார்த்தையில் முடியாது, போபாலைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது. தூக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஒரு குழந்தையைப் புதைக்கிறார்கள், உடம்பெல்லாம் மண்ணும் கல்லும் மூடிவிட்டது, முகம் மட்டும் வெளியே, கண்கள் திறந்தபடி. பக்கத்தில் ஒரு கை. ரகு ராய் அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், பாப்லோ பர்தலோமியூ வண்ணத்தில் எடுத்தார். வண்ணப்படத்துக்கு அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது. போபால் என்றால் உலகத்துக்கு அந்த முகம்தான். அது யார் பெற்ற பிள்ளை என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். போபாலிலேயே ராஜ்குமார் கேஸ்வானி என்று ஒரு பத்திரிகையாளர். 1981 டிசம்பரில் அந்த ஆலையில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். கேஸ்வானிக்கு அவர் நண்பர். அதிலிருந்து ஆலையின் உள் அறிக்கைகளைத் தேடிப் பிடித்துப் படித்து, 1982-இல் தான் நடத்திய 'ரபட்' என்ற சின்ன வார இதழில் எழுத ஆரம்பித்தார். 'இந்த நகரத்தைக் காப்பாற்றுங்கள்' என்று தலைப்பு. பிறகு, போபால் எரிமலையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று இன்னொன்று. 1984 ஜூனில் 'ஜனசத்தா' நாளிதழிலும் எழுதினார். ஆறு மாதம் கழித்து அவர் எழுதியது அப்படியே நடந்தது. அன்று இரவு அவரும் மூச்சுத் திணறிக் குடும்பத்தோடு ஓட வேண்டியிருந்தது.

முன்னாலேயே எழுதியவரை ஊர் படிக்கவில்லை, பின்னால் எடுத்த படத்தை உலகமே பார்த்தது. கேஸ்வானியின் கட்டுரைகள் ஒரு பெரிய பத்திரிகையின் முதல் பக்கத்தில் தொடர்ந்து வந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இன்று நாற்பது வயது தாண்டியிருக்கும். அதை நினைத்தால் உங்கள் கேள்விக்கு எந்தப் பக்கமும் சாய எனக்கு மனம் வரவில்லை.

கே: ராஜீவ் கொலை வழக்கில் ஒரு கேமரா முக்கியத் தடயம் என்கிறார்களே? (காஞ்சிபுரம் வாசகர்)

ப: 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர். குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரரும் ஒருவர். அவர் உடல்மீது கிடந்த சினான் கேமரா உடையாமல் இருந்தது. உள்ளே இருந்த ஃபிலிமைக் கழுவினால் பத்துப் படங்கள். ஒன்றில் தலையில் பூ வைத்து, கையில் சந்தன மாலையோடு காத்திருக்கும் பெண், அவள்தான் மனித வெடிகுண்டாக வந்தவள். பக்கத்திலேயே வெள்ளைக் குர்தா போட்டு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர். பார்த்தால் நிருபர் மாதிரி இருப்பார், அவர்தான் சதியை முன்னின்று நடத்திய சிவராசன். படங்கள் பத்திரிகைகளில் வந்ததும் நாடு முழுக்க அந்த முகங்களைத் தேடியது. ஹரிபாபுவைச் சதிக்குழுதான் தங்களுக்காகப் படம் எடுக்க அழைத்து வந்தது என்று விசாரணையில் வெளிவந்தது.

அந்தப் படங்களில் என்னை உலுக்குவது கொலையாளிகள் அல்ல. சுற்றி நிற்கிறவர்கள். தலைவரைக் கிட்டத்தில் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் கட்சிக்காரர்கள், கவிதை வாசிக்கக் காத்திருக்கும் சிறுமி. அடுத்த சில நிமிடங்களில் என்ன நடக்கப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

கே: துப்பாக்கியை எதிர்த்து கேமராவோடு நின்ற இந்தியர் யாராவது? (தூத்துக்குடி வாசகி)

ப: செபாஸ்டியன் டிசூசா. 2008 நவம்பர் 26, பயங்கரவாதிகள் தாக்கிய மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையம். 'மும்பை மிரர்' அலுவலகம் பக்கத்திலேயே. சத்தம் கேட்டதும் கேமராவையும் லென்ஸ்களையும் எடுத்துக்கொண்டு ஓடினார், நின்றிருந்த ரயில் பெட்டிக்குள் மறைந்து அவர்களில் ஒருவனான கசாபைத் துப்பாக்கியோடு படம் பிடித்தார். பிறகு நீதிமன்றத்தில் வந்து சாட்சியும் சொன்னார்.

கே: அழுகிறவர்களைப் படம் எடுத்துப் போடுவது சரியா? ஒரு மனிதனின் துக்கத்தை விற்பது மாதிரி இல்லையா? (நாகப்பட்டினம் வாசகி)

ப: அம்மா, உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது.

சுனாமி அடித்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று கடலூரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து, இரண்டு கைகளையும் விரித்து அழுகிறார். இறந்தவரின் உடல் முழுக்கத் தெரியாது, ஓரத்தில் ஒரு கை மட்டும். அதற்கு உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது. உலகம் முழுக்கப் பலர் உதவி அனுப்ப அது மாதிரிப் படங்கள்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். அதே தத்தா 2002-இல் அகமதாபாத்தில் எடுத்த இன்னொரு படம், கலவரக் கும்பலுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, கண் கலங்க, கைகூப்பிக் கெஞ்சும் ஒரு தையற்காரர். அந்தப் படம் அவரைத் துரத்தித் துரத்தி அடித்தது. போன இடமெல்லாம் அடையாளம் கண்டார்கள், கொல்கத்தா வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார், கட்சிகள் தன் படத்தைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால்தான் அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

சுனாமி வாரத்தில் நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இரவுப் பணியில் இருந்தேன். படங்கள் வந்து கொட்டிக்கொண்டே இருந்தன. 'சுனாமியில் உறவினரை இழந்து கதறும் பெண்', 'உடைமைகளை இழந்து தவிக்கும் குடும்பம்' என்று பட விளக்கம் எழுதி எழுதிக் கை மரத்துப்போனது. பெயர் கேட்க நேரமில்லை, யாரும் கேட்கவுமில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு மீனவ இளைஞர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் நான்காக மடித்த பேப்பரை எடுத்து விரித்தார். மடிப்பு விழுந்த இடம் கிழிந்து, சரியாக அந்த முகத்தின்மேல் கோடு ஓடியிருந்தது. "இது எங்க அம்மா சார். போன வருஷம் அவங்களும் போயிட்டாங்க. வீட்ல இருந்த போட்டோ எல்லாம் கடல் எடுத்துட்டுப் போயிருச்சு, அவங்க மூஞ்சி இதுல மட்டும்தான் இருக்கு" என்றார். நல்ல பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். தேடினோம். கோப்பில் 'சுனாமி' என்ற சொல்லும் தேதியும் மட்டும்தான், அப்படி நூற்றுக்கணக்கான படங்கள். கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. பெயர் எழுதியிருந்தால் மூன்று நிமிடம்.

அதனால் என் பதில் இது. போடலாம், ஆனால் கேட்டுவிட்டுப் போட வேண்டும். அந்த நிமிஷத்தில் கேட்க முடியாவிட்டால் மறுநாள் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். பெயரை வெளியிடுவதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம், கோப்பில் எழுதிவைப்பது நம் கடமை. நான் அதைச் செய்யவில்லை என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

கே: 1965 இந்தி எதிர்ப்பு ஊர்வலப் படம் வந்த ஒரு பேப்பர் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கூட்டத்தில் என் மாமா நிற்பதாகப் பாட்டி காட்டுவார். தாள் மஞ்சளாகி உதிர்கிறது. லேமினேட் செய்துவிடலாமா? (மன்னார்குடி வாசகர்)

ப: வேண்டவே வேண்டாம். லேமினேஷன் சூட்டில் பழைய தாள் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள், கறை இறங்கிவிடும். செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்தது, வெளிச்சமும் ஈரமும் பட்டால் மஞ்சளாகி முறுமுறுவென்று ஆகிவிடும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, படுக்கைவாட்டில், அமிலம் இல்லாத தாள்களுக்கு இடையே வைத்து, இருட்டான உலர்ந்த அலமாரியில் வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து நல்ல படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் வெட்டாதீர்கள், பத்திரிகைப் பெயரும் தேதியும் உள்ள மேல் விளிம்போடு முழுப் பக்கமும் வேண்டும். கட்டாகப் பழைய இதழ்கள் இருந்தால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பேசிப் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த அச்சுத்தாள்களில் தொடங்கிய நூலகம் அது, அங்கே உள்ளவர்களுக்குத் தாளின் அருமை தெரியும்.

அதைவிட அவசரம் ஒன்று. படத்தின் மேல் எழுதாமல், தனித்தாளில் பென்சிலால் அந்தக் கூட்டத்தைக் கோட்டுருவாக வரைந்து, பாட்டிக்குத் தெரிந்த ஒவ்வொரு முகத்துக்கும் பெயர், தெரு, அப்போது என்ன படித்தார் என்று எழுதி வாங்குங்கள். மாமாவுக்கு இடப்பக்கம் நிற்கிறவர் யார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.